டெக்சாஸ் காலேஜும் டிஎஸ்ஐ டெஸ்ட்டும்: நம்மாளுங்க என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

நாங்க டாலஸுக்கு வடக்க ஃப்ரிஸ்கோ பக்கம் இருக்கோம், வந்து பதினோரு வருஷம் ஆச்சு. நானே இங்க கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சேன், இப்ப பொண்ணு ஹைஸ்கூல்ல இருந்துக்கிட்டே டூயல் கிரெடிட் (ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் சேத்து கணக்காகற காலேஜ் கிளாஸ்) எடுக்கறா, அதனால இந்த டிஎஸ்ஐ விஷயத்துல எங்க வீட்ல ரெண்டு தடவ அடிபட்டாச்சு. கோயில்ல பாத்தாலும் சரி தமிழ் பள்ளி வாசல்ல பாத்தாலும் சரி யாராவது ஒருத்தர் இதப் பத்தி கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்ஸ்அப்ல டைப் பண்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

அக்கா, டிஎஸ்ஐன்னா என்ன? இது என்ட்ரன்ஸ் எக்ஸாமா?

இல்லவே இல்ல. இத மொதல்ல மனசுல போட்டுக்கோங்க, ஏன்னா நம்ம ஊர்ல பரீட்சைன்னாலே மார்க் கம்மியானா சீட் கிடைக்காதுங்கற பயம் ரத்தத்துலயே இருக்கு. டெக்சாஸ் சக்சஸ் இனிஷியேட்டிவ் அப்படிங்கறதோட சுருக்கம் தான் டிஎஸ்ஐ. இங்க கவர்மென்ட் காலேஜ், யூனிவர்சிட்டில டிகிரி படிக்க சேர்றவங்க காலேஜ் லெவல் இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் ரெடியா இருக்காங்களான்னு பாக்கறதுக்கு ஸ்டேட் போட்ட சட்டம் இது. இந்த ஸ்கோர வச்சு அட்மிஷன மறுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. ஸ்கோர் வரலன்னா காலேஜ் கதவு மூடாது, ஆனா முதல் செமஸ்டர்ல எந்த கிளாஸ் எடுக்கலாம் எத எடுக்க முடியாதுங்கறது மாறும், அங்க தான் பணமும் நேரமும் போகும்.

டெஸ்ட்டோட பேரு டிஎஸ்ஐஏ2. ரூலுக்குப் பேரு டிஎஸ்ஐ, டெஸ்ட்டுக்குப் பேரு டிஎஸ்ஐஏ2. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா, டெஸ்ட் எழுதாமலேயே ரூல முடிக்க நிறைய வழி இருக்கு, கீழ சொல்றேன்.

எல்லா காலேஜுக்கும் இது உண்டா?

கவர்மென்ட் காலேஜுக்கு மட்டும் தான். காலின் காலேஜ், டாலஸ் காலேஜ், ஹூஸ்டன் சிட்டி காலேஜ் (முன்ன ஹூஸ்டன் கம்யூனிட்டி காலேஜ்), ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜ் மாதிரி கம்யூனிட்டி காலேஜ்ங்க, அப்புறம் யூடி டாலஸ், யூடி ஆர்லிங்டன், யூனிவர்சிட்டி ஆஃப் ஹூஸ்டன் மாதிரி ஸ்டேட் யூனிவர்சிட்டிங்க எல்லாத்துக்கும் உண்டு. ரைஸ், எஸ்எம்யூ, பேய்லர் இதெல்லாம் பிரைவேட், அவங்களுக்கு இந்த ரூல் கிடையாது. மாஸ்டர்ஸ் சேர்றவங்களுக்கும் இது சம்பந்தமில்ல, அண்டர்கிராஜுவேட்டுக்கு மட்டும் தான்.

டெஸ்ட் எழுதாம தப்பிக்க வழி இருக்கா?

தப்பிக்கறதுன்னு சொல்லாதீங்க, அதுக்கு விதிவிலக்குன்னு பேரு, அது உங்க உரிமை. என்னக் கேட்டா இந்தப் பக்கத்துல நீங்க ஒண்ணே ஒண்ணு படிச்சா போதும்னா இந்த பதில தான் படிக்கச் சொல்வேன்.

ஹைஸ்கூல் பசங்களுக்கு ரொம்ப சுலபமான வழி எஸ்ஏடி, ஏசிடி மாதிரி காலேஜ் அட்மிஷனுக்கு எழுதற பரீட்சைங்க. எஸ்ஏடில ரீடிங் ரைட்டிங் பக்கம் 480 வந்தா இங்கிலீஷுக்கு விதிவிலக்கு, மேத்ல 530 வந்தா கணக்குக்கு விதிவிலக்கு. ரெண்டும் தனித்தனி, ஒண்ணு வந்து இன்னொண்ணு வரலன்னா வராததுக்கு மட்டும் டெஸ்ட் எழுதினா போதும். ஏசிடி எழுதினவங்களுக்கு 2023 பிப்ரவரில ரூல் மாறிச்சு, இப்போ இங்கிலீஷ் ரீடிங் ரெண்டையும் கூட்டி 40 வரணும், மேத்ல 22 வரணும். இந்த ஸ்கோர் எல்லாம் எழுதின தேதிலேர்ந்து 5 வருஷத்துக்குத் தான் செல்லும்.

ஏற்கனவே ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரியோ பேச்சலர் டிகிரியோ முடிச்சவங்களுக்கு விதிவிலக்கு இருக்கு. வெளி ஸ்டேட் காலேஜ்லேர்ந்தோ பிரைவேட் காலேஜ்லேர்ந்தோ டிரான்ஸ்ஃபர் ஆகி வந்து அங்க காலேஜ் லெவல் கிளாஸ் ஒழுங்கா பாஸ் பண்ணியிருந்தாலும் உண்டு, ஆனா அத முடிவு பண்றது நீங்க சேரப் போற காலேஜ். மிலிட்டரில இருக்கறவங்களுக்கும் இருந்து வந்தவங்களுக்கும் தனி ரூல் இருக்கு. 42 கிரெடிட் ஹவர் இல்லன்னா அதுக்கும் கம்மியான லெவல் ஒன் சர்ட்டிஃபிகேட் கோர்ஸ் மட்டும் படிக்கறவங்களுக்கும் டிஎஸ்ஐ வேண்டாம், இது நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. அக்கவுன்டிங்கோ கம்ப்யூட்டரோ ஏதாவது சின்ன சர்ட்டிஃபிகேட் படிச்சு வேலைக்குப் போகணும்னு நினைக்கற எத்தனையோ பேர் டெஸ்ட்டுக்கு பயந்து சேராமலேயே இருந்துடறாங்க.

நான் நம்ம ஊர்ல பிகாம் முடிச்சேன், இப்ப எச்4 விசால இருக்கேன். எனக்கும் டெஸ்ட்டா?

இதே கேள்விய அன்னிக்கு நான் யார்கிட்டயும் கேக்காததால தான் ஒரு செமஸ்டர் போச்சு. நானும் பிகாம் தான். கவுண்டர்ல இருந்தவங்க ஃபார்ம பாத்துட்டு டெஸ்டிங் சென்டர் ரெண்டாவது மாடின்னு கைய காட்டினாங்க, நானும் ஒரு வார்த்த கேக்காம போய் அன்னிக்கே உக்காந்துட்டேன். கணக்கு தொட்டு பதினாறு வருஷம் ஆச்சு. 938 வந்துச்சு, வேணுங்கறது 950. ஸ்கோர் பேப்பர வாங்கிட்டு பார்க்கிங்ல கார்ல உக்காந்து அழுதேன், ஏன்னா ஊர்ல பன்னெண்டாம் வகுப்புல கணக்குல நல்ல மார்க் வாங்கினவ நான்.

ஒரு வருஷம் கழிச்சு தான் இன்னொரு தோழி மூலமா தெரிஞ்சுது, வெளிநாட்டு டிகிரிய இங்க இருக்கற கிரெடென்ஷியல் எவால்யுவேஷன் ஏஜென்சி ஒண்ணுக்கு அனுப்பி, இது அமெரிக்க பேச்சலர் டிகிரிக்கு சமம்னு ரிப்போர்ட் வாங்கிக் குடுத்தா நிறைய காலேஜ் விதிவிலக்கு குடுக்கறாங்கன்னு. எல்லா காலேஜும் ஒரே மாதிரி ஏத்துக்கும்னு சொல்ல மாட்டேன், நம்ம மூணு வருஷ டிகிரிய சில ஏஜென்சி முழு பேச்சலரா எழுதாது. அதனால காலேஜ் எந்த ஏஜென்சிய ஏத்துக்குதுன்னு அட்மிஷன் ஆஃபீஸ்ல மெயில்ல கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க. மெயில்லன்னு ஏன் சொல்றேன்னா, கவுண்டர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, எழுத்துல இருந்தா நாளைக்கு எடுத்துக் காட்டலாம்.

டோஃபல் ஸ்கோர் இருக்கு, அது போதாதா?

போதாது. டோஃபல் அட்மிஷனுக்கு, அது வேற ஆஃபீஸ் வேற ஃபைல். டிஎஸ்ஐ விதிவிலக்கு லிஸ்ட்ல டோஃபலும் இல்ல ஐஇஎல்டிஎஸ்ஸும் இல்ல. இங்கிலீஷ் ரொம்ப கஷ்டம்னு இருக்கறவங்க ஈஎஸ்ஓஎல் கிளாஸ்ல (இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களுக்கான இங்கிலீஷ் கிளாஸ்) சேர்ந்தா டெஸ்ட்ட கொஞ்ச நாள் தள்ளி வைக்க காலேஜ் அனுமதி குடுக்கலாம், ஆனா அது தற்காலிகம் தான், பின்னாடி எழுதித் தான் ஆகணும்.

பையன் ஸ்டார் டெஸ்ட்ல மாஸ்டர்ஸ் லெவல் வாங்கியிருக்கான். அது செல்லாதா?

ஸ்டார்ங்கறது டெக்சாஸ் ஸ்கூல் பசங்களுக்கு ஸ்டேட் வைக்கற பரீட்சை, அதுல எந்தப் பேப்பர்னு பாருங்க. விதிவிலக்கு லிஸ்ட்ல இருக்கறது இங்கிலீஷ் த்ரீயும் அல்ஜீப்ரா டூவும், ரெண்டுலயும் 4000 ஸ்கோர் வரணும். நம்ம பசங்க பெரும்பாலும் எழுதறது அல்ஜீப்ரா ஒன், இங்கிலீஷ் ஒன், இங்கிலீஷ் டூ. அத நம்பி சும்மா இருந்துடாதீங்க. எங்க பொண்ணு விஷயத்துல நான் இப்படித் தான் நினைச்சுட்டு இருந்தேன், டூயல் கிரெடிட் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு நாலு நாள் முன்னாடி கவுன்சிலர் சொன்னப்பறம் தான் அடிச்சுப் பிடிச்சு டெஸ்ட் தேதி வாங்கினோம்.

ஸ்கூல்ல காலேஜ் ப்ரெப் கிளாஸ்னு ஒண்ணு இருக்கும், ஸ்கூலும் பக்கத்து காலேஜும் ஒப்பந்தம் போட்டு நடத்தறது. அத பாஸ் பண்ணினா அந்த சப்ஜெக்ட்டுக்கு ஹைஸ்கூல் முடிச்சதுலேர்ந்து 24 மாசம் வரைக்கும் விதிவிலக்கு உண்டு. ஆனா ஒப்பந்தம் இல்லாத காலேஜ் ஏத்துக்குமாங்கறத கேட்டுக்கோங்க.

டெஸ்ட்ல என்ன இருக்கும்? எவ்ளோ நேரம்?

கம்ப்யூட்டர்ல தான் எழுதணும், டைம் லிமிட் கிடையாது. கணக்குல 20 கேள்வி. இங்கிலீஷ்ல ரீடிங்கும் ரைட்டிங்கும் சேத்து 30 கேள்வி, அதுக்கு மேல ஒரு கட்டுரை. நீங்க போடற பதில வச்சு அடுத்த கேள்வி கஷ்டமாகும் இல்ல சுலபமாகும், அதனால ஒரு கேள்விய விட்டுட்டு பின்னாடி வரலாம்ங்கறது நடக்காது, ஒருதடவ பதில் குடுத்துட்டா திரும்பிப் போக முடியாது. நம்ம ஊர் பழக்கத்துல தெரிஞ்சத மொதல்ல போட்டுட்டு தெரியாதத கடைசில பாக்கறவங்களுக்கு இது தான் பெரிய இடறல். கேள்வி வந்ததும் அங்கயே நின்னு யோசிச்சு போட்டுட்டுத் தான் நகரணும்.

இதுல ஸ்கோர் வரலன்னா அங்கயே அப்பவே டயக்னாஸ்டிக்னு இன்னொரு பகுதி தானா திறக்கும், அதுல 48 கேள்வி. ரொம்ப பேர் இங்க தான் சோர்ந்து போய் கண்ண மூடிட்டு கிளிக் பண்ணிடறாங்க. அப்படி பண்ணாதீங்க, ஏன்னா அது ரெண்டாவது வாய்ப்பு. நானும் அன்னிக்கு முடிச்சாப் போதும்னு தட்டிவிட்டேன், லெவல் 5 வந்துச்சு, கணக்குக்கு வேணும்கறது 6. ஒரே ஒரு லெவல். டைம் லிமிட் இல்லாத டெஸ்ட், எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காந்திருக்கலாம்.

பாஸ் மார்க் எவ்வளவு?

ஸ்கோர் 910லேர்ந்து 990 வரைக்கும். கணக்குல 950 வரணும், வரலன்னா டயக்னாஸ்டிக்ல லெவல் 6 வரணும். இங்கிலீஷ்ல 945 வரணும், கூடவே கட்டுரைல 8க்கு 5 வரணும். 945 வரலன்னா டயக்னாஸ்டிக்ல லெவல் 5 இல்ல 6, அதோட கட்டுரைல அதே 5. கவனிச்சீங்கன்னா எந்த வழில போனாலும் கட்டுரைல 5 இல்லாம இங்கிலீஷ் முடியாது. கேள்வி பகுதில 960 வாங்கிட்டு கட்டுரைல 4 வாங்கி நிக்கறவங்கள நான் பாத்திருக்கேன். பல காலேஜ்ல கட்டுரைய மட்டும் திரும்ப எழுத விடுவாங்க, டெஸ்டிங் சென்டர்ல கேளுங்க.

கட்டுரைல எப்படி 5 வாங்கறது?

300லேர்ந்து 600 வார்த்தைக்குள்ள, ஒரு விஷயத்துல உங்க பக்கம் எதுன்னு சொல்லி அத நிரூபிக்கணும். மார்க் போடறது கம்ப்யூட்டர், முடிச்சதும் ஸ்கோர் வந்துடும். நம்மாளுங்க பண்ற முதல் தப்பு ரெண்டு பக்கமும் பேசறது. ஸ்கூல்ல ஃபோன் இருக்கலாமா கூடாதான்னு வந்தா நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்குன்னு பட்டிமன்ற நடுவர் மாதிரி தீர்ப்ப கடைசிக்கு வச்சு எழுதுவோம். இங்க அப்படி இல்ல, முதல் பாராவுலயே கூடாதுன்னு சொல்லிடணும், அப்புறம் ஒரு பாராவுக்கு ஒரு காரணம், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு உதாரணம், எதிர் பக்கம் என்ன சொல்லும்ங்கறத ஒரு ரெண்டு வரி, அதுக்கு பதில், முடிவு.

ரெண்டாவது தப்பு கமா. தமிழ்ல நாம வந்து, பாத்து, போய், சாப்டுன்னு ஒரே வாக்கியத்துல பத்து வேலைய கோத்துடுவோம், அது நமக்கு அழகு. அதே பழக்கத்துல இங்கிலீஷ்ல "ஐ வென்ட் ஹோம், மை சன் வாஸ் ஸ்லீப்பிங்"னு எழுதறோம். ரெண்டு முழு வாக்கியத்த வெறும் கமா போட்டு ஒட்டறது இங்கிலீஷ்ல பிழை. ஒண்ணு நடுவுல முற்றுப்புள்ளி வைக்கணும், இல்ல கமாவுக்கு அப்புறம் ஆண்ட், பட், ஸோ ஏதாவது சேக்கணும். இந்த ஒரு பிழைய மட்டும் சரி பண்ணினதுலயே என்னோட பிராக்டிஸ் கட்டுரை 4லேர்ந்து 5 ஆச்சு. ரைட்டிங் கேள்விகள்லயும் இதே தான் சுத்திச் சுத்தி வரும்.

கணக்கு எந்த அளவுக்கு கஷ்டம்?

நம்ம பிளஸ் டூ அளவுக்கெல்லாம் போகாது. கால்குலஸ் இல்ல. சதவீதம் விகிதம், அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, அப்புறம் ப்ராபபிலிட்டி ஸ்டாடிஸ்டிக்ஸ், இந்த நாலு தான். கஷ்டம் எங்கன்னா கேள்வி வார்த்தையில வரும். மாதிரிக்கு நானே ஒண்ணு சொல்றேன்: 80 டாலர் சட்டைக்கு 15 சதவீதம் தள்ளுபடி, அதுக்கு மேல 8.25 சதவீதம் டாக்ஸ், மொத்தம் எவ்வளவு? வீட்ல ஒருத்தர் 15லேர்ந்து 8.25 கழிச்சு 6.75 சதவீதம் கம்மி பண்ணி 74.60ன்னாரு. அப்படி வராது. மொதல்ல 80ல 15 சதவீதம் போனா 68. அந்த 68க்கு தான் டாக்ஸ், 5.61. ஆக 73.61. ரெண்டு சதவீதமும் வேற வேற தொகைக்கு மேலன்னு பிடிபட்டுட்டா இந்த வகை கேள்வி எல்லாம் வசமாயிடும்.

கால்குலேட்டர் கையில கொண்டு போகக் கூடாது, எந்தக் கேள்விக்கு அனுமதியோ அந்தக் கேள்விக்கு ஸ்க்ரீன்லயே வரும். வராத கேள்விக்கு கையால போடணும், பின்னத்த கூட்டறது கழிக்கறது மறந்து போனவங்க அத ஒரு வாரம் உக்காந்து பழகிக்கோங்க.

எங்க படிக்கறது? கோச்சிங் சேரணுமா?

வேண்டாம். டெஸ்ட்ட நடத்தறதே காலேஜ் போர்டு, அவங்களோட அக்யூப்ளேசர் பிராக்டிஸ் சைட்ல டிஎஸ்ஐஏ2க்கு இலவசமா கேள்விகள் விளக்கத்தோட இருக்கு. கணக்குக்கு கான் அகாடமி. பல காலேஜ் டியூட்டரிங் சென்டர்ல டெஸ்ட்டுக்குன்னே இலவச வகுப்பு நடத்தறாங்க, கேட்டா தான் சொல்வாங்க. நான் ரெண்டாவது தடவ எழுதறதுக்கு முன்னாடி அஞ்சு வாரம், பொண்ணு தூங்கினதுக்கு அப்புறம் டெய்லி ஒரு மணி நேரம் சமையலறை மேஜைல உக்காந்து போட்டேன், 953 வந்துச்சு. ஆயிரக்கணக்குல பணம் வாங்கிட்டு கோச்சிங் எடுக்கறோம்னு வர்றவங்ககிட்ட பணத்த குடுத்துடாதீங்க.

டெஸ்ட் அன்னிக்கு முன்னாடி ஏதாவது பண்ணணுமா?

ஆமா, ப்ரீ அசெஸ்மென்ட் ஆக்டிவிட்டின்னு ஒண்ணு ஆன்லைன்ல முடிக்கணும், இது கட்டாயம். முடிக்காம போனா உக்கார விட மாட்டாங்க. முடிச்சதுக்கு வர்ற பக்கத்த பிரின்ட் எடுத்தோ ஃபோன்ல படம் எடுத்தோ வச்சுக்கோங்க. ஃபோட்டோ ஐடி வேணும். ஃபீஸ் காலேஜுக்கு காலேஜ் வேற, சில காலேஜ் வீட்ல இருந்தே கேமரா வச்சு எழுத விடறாங்க. உடம்பு சரியில்லாதவங்க, கவனக் குறைவு மாதிரி பிரச்னை இருக்கற பசங்க எல்லாருக்கும் தனி வசதி கேக்கலாம், ஆனா காலேஜோட டிஸெபிலிட்டி ஆஃபீஸ்ல முன்கூட்டியே சொல்லணும்.

ஸ்கோர் வரலன்னா என்ன ஆகும்?

முன்ன எல்லாம் டெவலப்மென்டல் கிளாஸ்னு தனியா ஒரு செமஸ்டர், சில பேருக்கு ரெண்டு மூணு செமஸ்டர் படிச்சு முடிச்சுட்டுத் தான் காலேஜ் கிளாஸுக்குள்ள போக முடியும். அதுலயே சலிச்சுப் போய் நடுவுல விட்டவங்க ஏராளம். 2017ல ஒரு சட்டம் வந்து அத மாத்திச்சு. இப்ப கோரிக்விசிட்னு சொல்றாங்க, அதாவது காலேஜ் கிளாஸும் அதுக்கு உதவி கிளாஸும் ஒரே செமஸ்டர்ல சேந்து போகும். கணக்குல வரலன்னா மேத் 1314 காலேஜ் அல்ஜீப்ராவோட ஒரு சப்போர்ட் கிளாஸ். இது நல்ல ஏற்பாடுன்னு நான் மனசார சொல்வேன், நானே அப்படித் தான் படிச்சேன், அந்த சப்போர்ட் கிளாஸ் டீச்சர் இல்லன்னா எனக்கு லாகரிதம் இன்னிக்கு வரைக்கும் புரிஞ்சிருக்காது.

ஆனா அந்த சப்போர்ட் கிளாஸுக்கு கட்டற பணம் பணம் தான், அதோட கிரெடிட் டிகிரில சேராது. வாரத்துல கூட ரெண்டு மூணு மணி நேரம் போகும். கைக்குழந்தைய வச்சிருக்கறவங்களுக்கு அந்த மூணு மணி நேரம் எவ்ளோ பெருசுன்னு தெரியும்.

எல்லாரும் காலேஜ் அல்ஜீப்ரா தான் எடுக்கணுமா?

இல்ல! இத அட்வைசர்ங்க தானா சொல்றது கம்மி. பிசினஸ், கம்ப்யூட்டர், இன்ஜினியரிங் பக்கம் போறவங்களுக்குத் தான் அல்ஜீப்ரா வழி. நர்சிங், சைக்காலஜி மாதிரி பல படிப்புக்கு மேத் 1342 ஸ்டாடிஸ்டிக்ஸ் போதும், ஆர்ட்ஸ் பக்கம் மேத் 1332னு ஒண்ணு இருக்கு. பின்னாடி எந்த யூனிவர்சிட்டிக்கு மாறப் போறீங்களோ அவங்க டிகிரி பிளான்ல எந்தக் கணக்கு போட்டிருக்குன்னு பாத்துட்டு எடுங்க.

இந்த மாதிரி டெஸ்ட் டெக்சாஸ்ல மட்டும் தானா?

ஃப்ளோரிடாவுல 1982லேர்ந்து கிளாஸ்ட்னு ஒண்ணு இருந்துச்சு. கட்டுரை, இங்கிலீஷ், ரீடிங், கணக்குன்னு நாலு பகுதி. அது சேரும்போது இல்ல, ரெண்டு வருஷம் படிச்சு மேல போகும்போது குறுக்க நிக்கும். 2009ல அத எடுத்துட்டாங்க. டெக்சாஸ்ல 1989ல டாஸ்ப்னு ஆரம்பிச்சு, 2003ல டிஎஸ்ஐ சட்டம் வந்து, 2013ல எல்லா காலேஜுக்கும் ஒரே டெஸ்ட்டுன்னு ஆக்கி, இப்ப இருக்கற டிஎஸ்ஐஏ2 2021 ஜனவரில வந்துச்சு. பழைய பேரையெல்லாம் சொல்லி யாராவது குழப்பினா, எந்த வருஷத்து விஷயம்னு கேளுங்க.

ஸ்கோர் எத்தன வருஷம் செல்லும்? திரும்ப எழுதலாமா?

5 வருஷம். எந்த காலேஜ்ல எழுதினாலும் மத்த கவர்மென்ட் காலேஜ்லயும் செல்லும், ஸ்கோர அனுப்பி வைக்கச் சொன்னா போதும். திரும்ப எழுதலாம், நடுவுல எத்தன நாள் விடணும்ங்கறது காலேஜுக்கு காலேஜ் மாறும், வராத பகுதிய மட்டும் எழுதினா போதும். ஆகஸ்ட்ல சேரணும்னா மே மாசமே முதல் தடவ எழுதிடுங்க. ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் டெஸ்டிங் சென்டர் வாசல்ல வரிசைய பாத்தா தெரியும், அதுக்குள்ள நல்ல டைம்ல இருக்கற கிளாஸ் எல்லாம் நிரம்பிடும், மிச்சம் இருக்கறது ராத்திரி ஏழு மணி கிளாஸ் தான்.